இரவல் சக்கரத்தில் தேறிய வண்டி

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஐப்பசி மாதம். திண்டுக்கல்லில் அந்த வருடம் மழை தாராளமாகவே பெய்துகொண்டிருந்தது. நான் வேடசந்தூர் சாலையில் உள்ள ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். வீடு டவுனுக்குள். மில்லுக்குப் போக வர என்னிடம் ஒரு பழைய பைக் இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. அந்த வண்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இதுவரை சம்பந்தப்பட்டவர்களிடமும் போலீஸிலும் கோர்ட்டிலும் மட்டுமே முழுதாகச் சொல்லியிருக்கிறேன்.

பைக்குக்குப் பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டியை நேரில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்ப்பார். தேறினால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். என் வண்டிக்கு அந்த முறை அதே வருடம் பங்குனியில் வந்தது. பழனி சாலையில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். வண்டியை அவரிடம் விட்டேன். பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, பின் பிரேக் ஷூ சுத்தமா இல்ல. தகடு தெரியுது. டயரும் மொட்டையாப் போச்சு. ரெண்டையும் மாத்திருவோம்."

எனக்கு மனம் வரவில்லை. கையில் காசே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை போய்க்கொண்டிருந்தது. கிழட்டு வண்டி, இரண்டு வருடத்தில் தள்ளிவிடப் போகிறோம், அதற்கு எதற்குப் புது டயர் என்று ஓர் அலட்சியம். பட்டறையில் அதே மாடல் வண்டி ஒன்று விற்பனைக்கு நின்றது. அதன் பின் சக்கரம் நன்றாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்துவிட்டது. யோசனை என்னுடையதுதான், அவருடையது இல்லை.

"அந்தச் சக்கரத்தப் பிரேக்கோட அப்படியே கழட்டி இதுல மாட்டு. பாஸானதும் திருப்பிப் போட்டுக்கலாம்."

அவர் தயங்கினார். "செய்யலாம்ணே. ஆனா பாஸாகுறது என் சக்கரம்ல்ல?"

"ஒரு நாளுதானப்பா. அடுத்த மாசம் புதுசே போட்டுருவோம்."

மறுநாள் ஆய்வுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒழுங்காகத்தான் பார்த்தார். சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்தார், லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் போடச் சொன்னார், குனிந்து டயரைப் பார்த்தார், என்னை ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லிப் பிரேக் பிடிக்கச் சொன்னார். வண்டி கோடு போட்டதுபோல நின்றது. "பழைய வண்டின்னாலும் நல்லா வச்சிருக்கீங்க" என்றார். எனக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை, பெருமையாக இருந்தது. அன்று மாலையே சக்கரங்களை மாற்றிக்கொண்டோம்.

அடுத்த மாதம் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது. நான் ஷூவும் மாற்றவில்லை, டயரும் மாற்றவில்லை. அந்த வண்டி என் உடம்பில் ஒரு பகுதிபோல ஆகியிருந்தது. பின் பிரேக்கை நம்பக் கூடாது. தூரத்திலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். முன் பிரேக்கை மெதுவாகப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் யோசிக்காமலே என் கையும் காலும் செய்துவிடும். அதனால் வண்டியில் குறை இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. போதாததற்குப் புது ஆர்.சி. வேறு வந்துவிட்டது. ஏமாற்றி வாங்கிய காகிதம்தான் அது. ஆனால் சில மாதங்கள் பர்ஸில் இருந்த பிறகு, ஏமாற்றிய நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். யாராவது வண்டியைக் கிண்டல் செய்தால், "இன்ஸ்பெக்டரே பாராட்டின வண்டிய்யா" என்று சொல்வேன்.

மில்லில் எலக்ட்ரீஷியனாக ஒரு தம்பி வேலை பார்த்தான். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. ஆனால் பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். நத்தம் சாலையில், டவுனை ஒட்டிய ஒரு கிராமத்தில் வீடு. கிறிஸ்தவக் குடும்பம். அவனுடைய மனைவி பக்கத்து நர்சரிப் பள்ளியில் டீச்சர். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவிக்குக் கால் தரையில் நிற்காது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவன் சொன்னான், மறுநாள் நத்தம் பக்கத்தில் அவனுடைய கொழுந்தியாள் மகளுக்குப் புதுநன்மை விழா, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள் என்று. அவன் மகள் முன்கூட்டியே அந்தச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். இவனும் மனைவியும் காலையில் போக வேண்டும். அவன் வண்டி என்ஜின் வேலைக்காகப் பட்டறையில் கிடந்தது.

"பஸ்ல போயிக்கிறோம்ணே. கோயில்ல பூசை எட்டரைக்கு. ஏழு மணி பஸ்ஸப் பிடிச்சாப் போதும்."

"ஞாயித்துக்கெழம பஸ்ஸுல எங்க எடம் கெடைக்கும்? என் வண்டிய எடுத்துட்டுப் போப்பா."

"வேணாம்ணே, உங்களுக்குச் செரமம்."

"எனக்கென்ன செரமம்? நாளைக்கு நான் வீட்டுலதான் கெடக்கேன். இப்பத்தான் ஆர்.சி. புதுப்பிச்சிருக்கேன். அஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல. பயப்படாம ஓட்டு."

அவன் கேட்கவில்லை. நான்தான் வற்புறுத்தினேன். அன்று சாயங்காலமே சாவியையும் ஹெல்மெட்டையும் கொடுத்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஹெல்மெட். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னேன். சோக்கை எப்படி இழுக்க வேண்டும் என்று சொன்னேன். பின் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. சத்தியமாக எனக்கு ஞாபகமே வரவில்லை.

ஞாயிறு காலை தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. எட்டு மணி வாக்கில் எனக்குப் போன் வந்தது. யாரோ ஒருவர், வண்டியின் சீட்டுக்கு அடியில் இருந்த காகிதத்தைப் பார்த்து என் நம்பருக்கு அடித்திருந்தார். கோபால்பட்டியைத் தாண்டி ஆக்சிடென்ட், இரண்டு பேரையும் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம் என்றார். கூடவே, "மாந்தோப்புக்குள்ள இருந்து டிராக்டர் ஒண்ணு ரோட்டுக்கு வந்துச்சு சார். அந்தத் தம்பி வேகமா எல்லாம் வரல. ஆனா வண்டி நிக்கல" என்றார்.

வண்டி நிற்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில்தான் ஏழு மாதமாக மறந்துகிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் கட்டு. மடியில் ஓர் அட்டைப்பெட்டி. புதுநன்மைக்கு வாங்கிய பெரிய மெழுகுவர்த்தி, உடையாமல் இருந்தது. உள்ளே அவன் மனைவிக்குத் தலையில் அடி; மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். நான் இன்றைக்கும் மறக்க முடியாமல் தவிக்கிற வார்த்தையை அப்போதுதான் சொன்னான்.

"அண்ணே, உங்க வண்டியப் போட்டு ஒடச்சுட்டேண்ணே. முன் லைட் போச்சு."

நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

மூன்றாவது நாள் விடியற்காலையில் அவள் இறந்துபோனாள்.

அடக்கத்தின்போது அவளுடைய அண்ணன் எல்லோர் முன்னிலையிலும் அவனுடைய சட்டையைப் பிடித்தார். "ஒழுங்கா வண்டி ஓட்டத் தெரியாத பய, எந்தங்கச்சியக் கொன்னுட்டியேடா" என்று கத்தினார். அவன் கையைக்கூட விலக்கவில்லை. மகள் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே சித்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா பக்கம் வரவே இல்லை. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். "நிறுத்துங்க, காரணம் அவன் இல்லை" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை.

போலீஸ் அவன்மேல்தான் வழக்குப் போட்டது. பின்னால் உட்கார்ந்து வந்தவர் இறந்தால், ஓட்டியவர்மேல்தான் முதலில் வழக்கு வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் நின்றது. விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்க்க ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டி உரிமையாளர் என்பதால் காகிதங்களுடன் என்னையும் வரச் சொன்னார்கள். அவர் வண்டியைச் சற்றுத் தள்ளச் சொல்லி, கையாலேயே பின் பிரேக் பெடலை அழுத்தினார். தள்ளுகிற வேகத்துக்குத் தேய்ந்த பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். வண்டி நின்றது.

"டயர் ரொம்பத் தேஞ்சிருக்கே. பிரேக்ல ஏதாவது கம்ப்ளைன்ட் இருந்துச்சா?"

"இல்ல சார். ஏழு மாசத்துக்கு முன்னாடி ஆர்.சி. புதுப்பிச்ச வண்டி சார். பாஸாயிருக்கு."

ஆர்.சி.யை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். எழுதிக்கொண்டார். வண்டியின் இயந்திரக் கோளாறால் விபத்து நடக்கவில்லை என்று அறிக்கை போயிற்று. தப்பு முழுதும் ஓட்டியவன் தலையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள், தண்ணீரில் கையை வைத்தபடியே ரொம்ப நேரம் நின்றாள். "அந்தத் தம்பிட்ட சொல்லிருங்க" என்றாள். "சொன்னா என்னாகும் தெரியுமா? என்னைய உள்ள வச்சுருவாங்க" என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

முப்பதாம் நாள் பூசைக்கும் போனேன். அவன் பாதியாக இளைத்திருந்தான். மில்லுக்கு வரத் தொடங்கியிருந்தான், நடந்தும் பஸ்ஸிலுமாக. அப்பா ஒழுங்காக ஓட்டாததால்தான் அம்மா செத்துப்போனாள் என்று சொல்லி, மகள் நத்தத்தில் சித்தி வீட்டிலேயே இருந்துவிட்டாள். இவன் போன் செய்தால் எடுப்பதில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்துக்கொண்டு சொன்னான். "பாப்பா சொல்றது சரிதாண்ணே. நான் எங்கயோ பராக்குப் பாத்துட்டு ஓட்டிருப்பேன். எனக்கே தெரியல." நான் என் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

நாற்பது நாள் ஆகியிருக்கும். ஒரு மாலை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பொட்டலம். நாற்காலியில் உட்காராமல், அதை மேஜைமேல் வைத்துப் பிரித்தான். புது ஹெட்லைட், கண்ணாடி, வளையம் எல்லாம் சேர்த்து.

"ஸ்டேசன்ல வண்டிய விட்டுருவாங்களாம்ணே. வந்ததும் மாட்டிக்கங்க. உங்க மாடலுக்கு இங்க கெடைக்கல. மதுரைல போயி வாங்குனேன்."

என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. சொல்லிவிட்டேன். பங்குனியில் நடந்தது, இரவல் சக்கரம், மெக்கானிக் சொன்னது, ஸ்டேஷனில் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். திக்கித் திக்கி, முன்னும் பின்னுமாகத்தான் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"பெடல் அப்படியே கீழ போச்சுண்ணே" என்றான் கடைசியில். குரல் யாரிடமோ பேசுவதுபோல இருந்தது. "ஒண்ணுமே பிடிக்கல. அதுக்கப்புறந்தான் முன் பிரேக்கப் பிடிச்சேன். ரோடு ஈரம். சறுக்கிருச்சு. நான் காலத் தப்பா வச்சுட்டேன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பிறகு, "ஒரு வார்த்தை சொல்லிருந்தீங்கன்னா பஸ்ல போயிருப்போமேண்ணே" என்றான்.

வெளியே போய்விட்டான். செருப்பைக்கூடப் பாதிதான் மாட்டியிருந்தான். நான் அப்படியே நின்றேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"இத பாப்பாகிட்ட வந்து சொல்வீங்களா?"

மறுநாள் இருவரும் பஸ்ஸில் நத்தம் போனோம். பக்கத்துப் பக்கத்து சீட். கோபால்பட்டி தாண்டியதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, "உன் அம்மா சாவுக்கு உன் அப்பா காரணம் இல்லை, நான்தான் காரணம்" என்று சொல்வதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் எனக்குக் கொடுத்துவிட முடியாது. அவளுக்குப் புரிகிற மாதிரி பிரேக் ஷூ என்றால் என்ன, தேய்ந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சொன்னேன். அவன் அறைக்கு வெளியே சுவரோரம் நின்றிருந்தான். அவள் அழவில்லை. நான் முடித்ததும் கேட்டாள்.

"அப்ப அப்பா சரியாத்தான் ஓட்டுனாங்களா பெரியப்பா?"

"சரியாத்தாம்மா ஓட்டுனாரு. யாரு ஓட்டியிருந்தாலும் நின்னுருக்காது."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

எழுந்து போய்ப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்து வந்தாள். "எழுதிக் குடுங்க. மாமாகிட்டக் காட்டணும். அவங்க நான் சொன்னா நம்ப மாட்டாங்க." அவளுடைய நோட்டில், ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துவிட்டுத் தாளைக் கிழித்து மடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே போனாள். அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அதன் பிறகுதான் அழுதாள். சித்தி என்னைப் பார்த்து, "நீங்க கெளம்புங்க" என்றார். கிளம்பினேன்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு, "உங்க மேலயும் கேஸ் வரும், யோசிச்சுத்தான் பேசுறீங்களா?" என்றார். எழுதிக் கொடுத்தேன். மெக்கானிக்கும் வந்து உள்ளதை உள்ளபடி சொன்னார். "அன்னைக்கே நான் முடியாதுன்னு சொல்லிருக்கணும்ணே" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வண்டியை மறுபடி பார்க்க அதே இன்ஸ்பெக்டர் வந்தார். இந்த முறை பின் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். ஷூவில் பிடிப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. தகடு டிரம்மில் உரசிய தடம் வட்டமாகத் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "வெளிய தெரியுறதத்தான் நாங்க பாக்க முடியும் சார். உள்ள இருக்குறது ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். அவனே பொய் சொன்னா நாங்க என்ன செய்ய?" என்றார்.

குற்றப்பத்திரிகையில் அவன் பெயர் சாட்சியானது. என் பெயர் குற்றம் சாட்டப்பட்ட எதிரி என்ற இடத்தில் ஏறியது. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா வரும்போதெல்லாம் மில்லில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போகிறேன். அவனும் வருவான். கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரங்களில் உட்காருவோம். "வாரேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். மகள் அவனோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கு அவள் வருவதில்லை. அது நியாயம்தான். என் மனைவி மட்டும் எப்போதாவது பலகாரம் செய்தால் அந்தப் பெண்ணுக்கென்று ஒரு டப்பாவில் எடுத்து வைப்பாள். இரண்டு நாள் கழித்து அதைத் தானே தின்பாள்.

விஷயம் தெரிந்த சிலர், "ஒத்துக்கிட்டீங்களே, அது பெரிய மனசு சார்" என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது. அவளுடைய உயிர் போனது என் அலட்சியத்தால். அதை என்னால் திருப்பிக் கொடுக்கவே முடியாது. ஆனால் ஒரு பிள்ளை தன் அப்பாவைக் கொலைகாரனாக நினைத்துக் கழித்த அந்த நாற்பது நாட்களை, வாயைத் திறந்திருந்தால் நான் முதல் நாளிலேயே முடித்து வைத்திருக்கலாம் என்பதுதான், மற்ற எல்லாவற்றையும்விட இன்றும் என்னைத் தூங்க விடாமல் அரிக்கிறது.